கொலுப்படிக்குப் பக்கத்துல ஒரு பியானோ

வீட்டுக்குப் பியானோ வந்து இன்னையோட ஒரு மாசம்.

புத்தம் புதுசு. இதுக்கு முன்னாடி யார் வீட்லயும் இருந்ததில்ல. உறையைப் பிரிச்சு மூடியைத் திறந்தப்போ ஒரு வாசனை வந்துச்சு. கொஞ்சம் மரம், கொஞ்சம் வார்னிஷ், டிரங்குப் பெட்டியில ரொம்ப நாள் வச்ச கம்பளி மாதிரி ஏதோ ஒண்ணு. இப்பவும் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது வருது. காலையில டிகாக்ஷன் இறங்கற நேரத்துல போய் ஒரு தடவை திறந்து பார்த்துட்டு வந்துடறேன். வாசிக்கக்கூட இல்ல, சும்மா பார்க்க.

இதை எழுத உக்கார வச்சது ஒரு கேள்வி. ஒரு மாசமா வீட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கேட்டாச்சு.

"ஏற்கெனவே கீபோர்டு இருக்கே. அப்புறம் எதுக்கு இது?"

முதல் நாலு பேருக்குப் பொறுமையா பதில் சொன்னேன். அஞ்சாவது ஆள் கேட்டப்போ எரிச்சல் வந்துடுச்சு. எரிச்சல்ல சொல்ற பதில் எப்பவும் அரைகுறையாத்தான் வருது. அதான் இங்க முழுசா சொல்லிடறேன்.

எனக்குப் பத்து வயசு. சென்னையில நான் படிச்ச ஸ்கூல் பிரேயர் ஹால்ல ஒரு பியானோ இருந்துச்சு. பச்சைத் துணி போட்டு மூடி, பூட்டு போட்டிருப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஹாலைத் துடைக்கிற முறை எங்க கிளாஸுக்கு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பூட்டு போட மறந்துட்டாங்க. நான் துணியைத் தூக்கி, மூடியைத் தூக்கி, இடது கோடியில இருந்த கடைசிக் கட்டையை அழுத்தினேன். ஒரே ஒரு கட்டை.

சத்தம் காதுல கேட்டது அப்புறம்தான். முதல்ல இன்னொரு கையிலதான் தெரிஞ்சுது. அந்தக் கையைப் பக்கப் பலகை மேல ஊனியிருந்தேன். பலகை உறுமிச்சு. விரலை எடுக்காம நின்னேன். உறுமல் மெதுவா மெதுவா கரைஞ்சு, எங்க முடிஞ்சுதுன்னே தெரியாம முடிஞ்சுது. ஃபேன் சத்தம் மட்டும் மிச்சம்.

அன்னைக்குப் பிடிச்சது.

அந்த வருஷம் அப்பா என்னை மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்குக் கூட்டிட்டுப் போனார். (1842-ல மிஸ்க்வித்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கடை. இன்னமும் அதே ரோட்டுல இருக்கு. மெட்ராஸ்ல பியானோ பார்க்கணும்னா அங்கதான்.) அப்பா விலை விசாரிச்சார். நன்றி சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுட்டு வெளியே வந்தார். தீபாவளிக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். 61 கட்டை. அதை நான் கல்யாணம் ஆகற வரைக்கும் வாசிச்சேன். அந்தக் கீபோர்டைப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சு சொல்ல மாட்டேன். எனக்கு ஸ்வரம் வந்தது அதுலதான்.

ஆனா கீபோர்டுல கட்டையை அழுத்தினா உள்ளே ஒரு சுவிட்ச் விழுது. ஸ்பீக்கர் பேசுது. பியானோவுல கட்டையை அழுத்தினா அந்தக் கடைசியில ஒரு சுத்தியல் எழும்பிப் போய் கம்பியை அடிச்சுட்டு உடனே பின்வாங்குது. கம்பளி சுத்தின சுத்தியல். நீங்க எந்த வேகத்துல அழுத்தறீங்களோ அந்த வேகம் அப்படியே கம்பிக்குப் போகுது. 88 கட்டைக்குச் சுமார் 230 கம்பி. மேல் ஸ்தாயியில ஒரு கட்டைக்கு மூணு கம்பி, நடுவுல கொஞ்சம் இறங்கினா ரெண்டு, கடைசி மந்தரத்துல தடிமனா ஒண்ணு. எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை பதினெட்டு, இருபது டன் கிட்ட. அதைத் தாங்கத்தான் உள்ளே அவ்வளவு பெரிய வார்ப்பிரும்புச் சட்டம். அந்த இழுவைக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு மரப்பலகை. என் கையில உறுமினது அதுதான்.

எங்க அம்மா தம்புரா போட்டுப் பாடினவங்க. அவங்களுக்கு நான் வேற மாதிரி காட்டினேன். இதை நீங்களும் எங்கயாவது பியானோ கிடைச்சா செஞ்சு பாருங்க.

கீழ இருக்கிற ஒரு 'ஸ'வை மனசுல வச்சுக்கங்க. அதுக்கு ரெண்டு ஸ்தாயி மேல போய், அங்க இருக்கிற அந்தர காந்தாரத்தைச் சத்தமே வராம மெதுவா அழுத்திப் பிடிங்க. இப்போ அந்தக் கம்பியை அடக்கி வச்சிருந்த பஞ்சு மட்டும் விலகியிருக்கு. இன்னொரு கையால கீழ் 'ஸ'வை ஓங்கி ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடுங்க.

மேல காந்தாரம் பாடும். யாரும் அடிக்கல. தானா பாடும்.

அம்மா கட்டிலை விட்டு எழுந்து வந்துட்டாங்க. "இன்னொரு தடவை." தட்டினேன். "இது தம்புராவுல மந்தரத்துல கேக்குமே, அந்தக் காந்தாரம்டி."

ஆமாம். அதேதான். ஒரு கம்பிக்குள்ள பல ஸ்வரம் ஒளிஞ்சிருக்கு, அதுல அஞ்சாவது இந்தக் காந்தாரம். தம்புராவுக்கும் பியானோவுக்கும் விதி ஒண்ணுதான். இதைச் சுவிட்சுல கொண்டு வர்றதுக்கு இன்னைக்கு நல்ல நல்ல கருவி வந்திருக்கு, தெரியும். மரமும் கம்பியும் தானா செய்யறதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு மரமும் கம்பியும்தான் வேணும். கேள்விக்குப் பதில் இதுதான்.

அடுத்த கேள்வி: புதுசு எதுக்கு? பழசு பாதி விலைக்குக் கிடைக்குமே?

கிடைக்கும். எனக்கும் கிடைச்சுது. பதிமூணு வருஷம் முன்னாடி, மைசூருக்குக் குடிவந்த புதுசுல, பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட பழைய இங்கிலீஷ் பியானோ ஒண்ணு வாங்கினேன். தேக்கு நிறம். முன்பலகையில பூ வேலை. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி வைக்க பித்தளைத் தாங்கி. பார்த்த உடனே மயங்கிட்டேன். "புதுசா டியூனிங் பண்ணிருக்கு"ன்னு சொன்னார். வாசிச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு.

மூணு வாரத்துல ஸ்ருதி இறங்கிடுச்சு.

பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்துல இருந்து டியூனிங் பண்றவர் ஒருத்தரைக் கூப்பிட்டேன். எழுபது வயசு தாண்டினவர், தமிழ்க்காரர். கீழ்ப்பலகையைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல.

"ஏம்மா, இதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"ஏன் அங்கிள்?"

என் கையைப் பிடிச்சு டியூனிங் சாவியை வச்சுத் திருப்பச் சொன்னார். வீணைக்குப் பிரடை மாதிரி பியானோவுல ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு இரும்பு முளை. அந்த முளைகளெல்லாம் ஒரு கெட்டிப் பலகையில இறங்கியிருக்கும். முளை இறுக்கமா இருந்தாத்தான் கம்பி நிக்கும். நான் திருப்பினப்போ வெண்ணெயில திருப்பின மாதிரி போச்சு. பலகை உள்ளுக்குள்ளயே வெடிச்சுருக்கு. சுத்தியல் கம்பளியைப் பூச்சி அரிச்சிருக்கு. பெடல் இருக்கிற சந்து வழியா எலி உள்ளே போய், அடிப்பக்கம் பழைய பேப்பரைக் கிழிச்சு மெத்தை போட்டிருக்கு.

அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்தக் காலத்துல இங்கிலாந்துல இருந்து நம்ம பக்கம் அனுப்பற பியானோவைத் தனியா தயார் பண்ணுவாங்களாம். பசையை மட்டும் நம்பாம மூட்டுக்கு மூட்டு திருகாணி, பித்தளைப் பட்டை. நம்ம ஈரத்துக்குப் பசை விட்டுடும்னு அவங்களுக்கே தெரியும். என்கிட்ட வந்தது அந்த ரகம் இல்ல.

மூணு மழைக்காலம் அதோட போராடினேன். ஜூன் வந்தா கட்டை உப்பி, அழுத்தினது மேல வராது. ஒவ்வொண்ணா விரலால தூக்கி விடணும். அடிப்பெட்டிக்குள்ள ஜீரோ வாட் பல்பு எரிய விட்டேன் (இது நம்ம ஊர்ப் பழைய வைத்தியம், உண்மையிலேயே கொஞ்சம் உதவும்). நாப்தலின் உருண்டை போட்டேன். சந்துக்கு வலை அடிச்சேன். பங்குனி வெயில்ல எல்லாம் உலர்ந்ததும் கட்டை சரியாகும், ஸ்ருதி மொத்தமா போயிடும். கடைசியில அங்கிள்தான் சொன்னார், "விட்டுடும்மா, அதுக்கும் வயசாச்சு." இரும்புச் சட்டத்தை எடைக்குப் போட்டப்போ நான் வாசல்ல நிக்கல, உள்ளே போயிட்டேன். பித்தளைத் தாங்கி ரெண்டும் இப்போ பூஜை அறையில இருக்கு.

பழைய பியானோ வாங்கவே கூடாதுன்னு சொல்லல. ஜப்பான்ல இருந்து வர்ற பழசுல அருமையானது இருக்கு, தெரிஞ்சவங்க வீட்ல வாசிச்சிருக்கேன். ஆனா அதை வாங்கும்போது கூடவே ஒரு டியூனிங் பண்றவர் வரணும். கீழ்ப்பலகையைக் கழட்டணும். முளையைத் திருப்பிப் பார்க்கணும். கழட்ட விடமாட்டேங்கறவர் கிட்ட வாங்காதீங்க.

எனக்கு, நேர்மையா சொன்னா, இன்னொரு தடவை அந்த ஏமாற்றத்தைத் தாங்க மனசு இல்ல. ஒரு பியானோவோட நல்ல இருபது, முப்பது வருஷம் எங்கயோ ஒரு வீட்ல கழிஞ்சு, மிச்சம் என்கிட்ட வர்றது வேண்டாம். அதோட இளமை என் வீட்ல கழியணும். என் வீட்டு மழையையும் வெயிலையும் அது முதல்ல இருந்தே பழகணும்.

அதனால தபால் ஆபீஸ்ல ஆர்.டி. போட்டேன். அஞ்சு வருஷம். முடிஞ்சதும் இன்னொரு அஞ்சு வருஷம். எங்க வீட்டுக் கார் இன்னமும் செகண்ட் ஹேண்ட்தான். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அதைப் பத்திப் பேசல. அதை நான் இங்க எழுதி வைக்கணும்.

மைசூர்ல இருந்துட்டுப் பியானோ பத்தி எழுதினா ஒருத்தரைச் சொல்லாம இருக்க முடியாது.

இங்க ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அரண்மனை விளக்கு போடறப்போ போலீஸ் பேண்டு வாசிக்கும். அரண்மனை பேண்டோட வாரிசுதான் இந்தப் போலீஸ் பேண்டு. குடிவந்த புதுசுல ஒரு தடவை நின்னு கேட்டுட்டு இருந்தேன். ஆயிரக்கணக்கான பல்பு எரியற அரண்மனை முன்னாடி அச்சு அசல் ஐரோப்பிய இசை. இது எப்படி இந்த ஊருக்கு வந்துச்சுன்னு தேடப் போய்த்தான் ஜெயசாமராஜேந்திர உடையாரைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

கடைசி மகாராஜா. 1919-ல பிறந்தவர். சின்ன வயசுல இருந்து பியானோ. மேடைப் பியானோ கலைஞர் ஆகணும்னு ஆசை. 1940 மார்ச்சில அப்பா காலமானார். அதே வருஷம் ஆகஸ்டில பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் போயிட்டார். 21 வயசுல சிம்மாசனம். ஆசை அதோட முடிஞ்சுது. ஆனா படிப்பை விடல. 1945-ல லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியோட லைசென்ஷியேட் வாங்கினார்.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்கு நெஞ்சுல நிக்குது. லண்டன்ல நிக்கொலாய் மெட்னர்னு ஒரு ரஷ்யர் இருந்தார். ராக்மானினோவோட நண்பர், இசையமைப்பாளர், பெரிய பியானோ கலைஞர். வயசாகி, உடம்பு முடியாம, கையில காசில்லாம, கிட்டத்தட்ட எல்லாரும் மறந்த நிலை. மைசூர்ல இருந்து மகாராஜா பணம் கொடுத்து 'மெட்னர் சொசைட்டி' தொடங்கி, அந்த மனுஷர் கையாலயே அவர் இசையை ரெக்கார்டு பண்ண வச்சார். மூணு பியானோ கன்செர்ட்டோவும் அப்படிப் பதிவாச்சு. மூணாவதை மெட்னர் மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பணம் பண்ணார். 1951-ல மெட்னர் காலமானார். கொஞ்சம் தாமதமாகியிருந்தா அந்தக் கை வாசிச்சது நமக்குக் கிடைச்சிருக்காது.

1950 மே 22-ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ரிச்சர்ட் ஸ்ட்ராஸோட நாலு கடைசிப் பாடல்கள் அரங்கேறினப்போ செலவுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டவரும் இவர்தான். இவ்வளவும் செஞ்ச அதே மனுஷர் மைசூர் வாசுதேவாச்சார்கிட்ட கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு 94 கிருதி செஞ்சார். ஒரு பக்கம் இருந்தா இன்னொரு பக்கம் இருக்காதுன்னு நினைக்கிறவங்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

மெட்னரோட அந்தப் பழைய பதிவை ராத்திரி சமையலறை விளக்கை அணைச்சுட்டு ஹெட்போன்ல கேப்பேன். கீறல் சத்தத்துக்கு அடியில அந்த இடது கை. இங்க அரண்மனை மூணு கிலோமீட்டர். நினைக்கவே சிலிர்க்கும்.

சரி, கடைக்கு வர்றேன்.

பெங்களூருக்கு நாலு தடவை போனேன். முதல் தடவை போனப்போ எல்லாப் பியானோவுலயும் என் விரலுக்கு வேகமா வர்றதை வாசிச்சேன். வேகமா வாசிச்சா எல்லாப் பியானோவும் நல்லாத்தான் இருக்கும்! ஒண்ணும் தெரியாம வீட்டுக்கு வந்தேன். ரெண்டாம் தடவை அங்கிள் போன்ல சொன்ன மாதிரி செஞ்சேன். ஒவ்வொரு கட்டையா, 88-ம், மெதுவா. முடிஞ்ச அளவு சன்னமா. அப்போதான் தெரியுது, எது சன்னமா பேசுது, எது சன்னமா அழுத்தினா வாயே திறக்காம இருக்குன்னு.

உயரம் முக்கியம். சுவத்துல சாத்தி வைக்கிற பியானோவுல உயரம்னா உள்ளே மந்தரக் கம்பியோட நீளம். யமஹா பி1 109 சென்டிமீட்டர். யமஹா யூ1 121. கவாய் கே-200 114, கே-300 122. 109-ல மேல் ஸ்தாயி ரொம்ப இனிமையா இருந்துச்சு. ஆனா இடது கோடிக்குப் போனா பத்து வயசுல என் கையில உறுமினது வரல. 121-ல வந்துச்சு. விலை என் ஆர்.டி.யைத் தாண்டிச்சு. 114-ல உக்காந்து அந்தக் கடைசிக் கட்டையை அழுத்தி, இன்னொரு கையைப் பக்கப் பலகையில வச்சேன்.

உறுமிச்சு. போதும்.

கவாய் பக்கம் சாய இன்னொரு காரணம் மழை. பியானோவுக்குள்ள சுத்தியலை ஆட்டி வைக்கிற அத்தனை சின்னச் சின்ன உறுப்பும் வழக்கமா மரம். இவங்க அதுல பலதைக் கார்பன் கலந்த ஒரு வகை பிளாஸ்டிக்ல செய்யறாங்க. ஈரத்துக்கு உப்பாது. மூணு ஜூன் மாசம் கட்டையைத் தூக்கி விட்டவளுக்கு இதைவிட என்ன வேணும்? (யமஹாவும் கவாயும் ஒரே ஊர், ஹமமாட்சு. யமஹாவோட கதை தொடங்கினதே 1887-ல அந்த ஊர் ஸ்கூல்ல பழுதான ஆர்கன் பெட்டியை ஒருத்தர் சரி பண்ணினதுலதான். கவாய் தொடங்கினவர் சின்ன வயசுல அவர்கிட்ட வேலை பார்த்தவர்.)

வாங்கறதுக்கு முன்னாடியே செஞ்ச ஒரு நல்ல காரியம், ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீட்டர் ஒண்ணை வாங்கி ஹால்ல மாட்டினது. சில நூறு ரூபாதான். ஒரு வருஷம் நோட்டுல குறிச்சேன். ஜூலைக் காலையில 85 சதவீதம். மார்ச் மத்தியானம் 30-க்கும் கீழ. பியானோவுக்கு 40-லிருந்து 60, அதுக்கு முன்னப்பின்ன இருந்தா நல்லதுன்னு சொல்வாங்க. மேற்குச் சுவர் மழையில ஊறுது, சமையலறைப் பக்கச் சுவர் ஆவி வாங்குது, ஜன்னல் பக்கம் நேர் வெயில். மிச்சம் இருந்தது ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடுவுல இருக்கிற உள்சுவர் ஒண்ணுதான். அளந்தேன். 149 சென்டிமீட்டர் அகலப் பியானோ சரியா நிக்கும்.

எல்லாம் கணக்குப் போட்டேன். நவராத்திரியைக் கணக்குல சேர்க்கல.

கப்பல் தாமதம், கடைக்கு வந்து சேரத் தாமதம், கடைசியில அவங்க கொடுத்த தேதி சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். தசரா நேரத்து மைசூர் எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். பாதி ரோடு ஒருவழி, மீதி ரோடு மூடல். உள்சுவர்ல எங்க கொலு. ஏழு படி. அம்மா பிறந்த வீட்டு மரப்பாச்சி மேல்படியில. விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைக்கற வரைக்கும் ஒரு பொம்மையைக்கூட நகர்த்த முடியாது.

லாரி ரிங் ரோடு சுத்தி சரஸ்வதிபுரத்துக்கு வந்து சேர சாயந்தரம் ஆயிடுச்சு. நாலு பேர். 208 கிலோ. வார்ப்பட்டை கட்டி, உருளைப் பலகை மேல ஏத்தி, வாசப்படியில சாய்க்கும்போது மூத்தவர் "நிதானா... நிதானா..."ன்னு ஒரே சுருதியில சொல்லிட்டே இருந்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டைப் பிடிச்சுட்டு, "ஏனம்மா இது, பீரோவா?"ன்னு கேட்டாங்க. "இல்ல ஆன்ட்டி, பியானோ." அவங்க உடனே உள்ளே போய் அவங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க.

எங்க வீடு பழசு, சிவப்புக் காவித் தரை. சக்கரம் பட்டாப் பள்ளம் விழும். அதுக்கு அடியில வைக்க மரக்கிண்ணம் மூணு நாள் முன்னாடியே வாங்கி வச்சிருந்தேன். கொலுவுக்குப் பக்கத்துல, சுவருக்கு ஒரு முழம் தள்ளி, தற்காலிகமா நிறுத்தினாங்க. நாலு பேரும் வியர்வையைத் துடைச்சுட்டு கொலுவைப் பார்த்துட்டு நின்னாங்க. அம்மா ஆளுக்கொரு தொன்னையில கொண்டைக்கடலை சுண்டல் கொடுத்தாங்க. மூத்தவர் போகும்போது மரப்பாச்சியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு, அப்படியே பியானோவுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனார்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. புஸ்தகம், வீணை, பொண்ணோட ஸ்கூல் பை எல்லாம் பூஜையில. அம்மா சந்தனக் கிண்ணத்தோட பியானோ முன்னாடி வந்து நின்னாங்க.

"அம்மா, பாலிஷ்மா."

"பூஜைக்கு வந்த வாத்தியத்துக்குப் பொட்டு இல்லாம எப்படிடி?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எனக்குத் தோணிச்சு. சுவருக்கு ஒரு முழம் தள்ளித்தானே நிக்குது. பின்பக்கம் பளபளப்பு இல்லாத மரத்தூண்கள் இருக்கு. அம்மாவைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். 76 வயசு, பக்கவாட்டுல நடந்து அந்தச் சந்துக்குள்ள போய், நடுத்தூண்ல மூணு விரலால சந்தனம் இழுத்து, நடுவுல குங்குமம் வச்சாங்க. அது இப்பவும் அங்க இருக்கு. சுவரைப் பார்த்தாப்ல.

பூஜையில வச்ச வாத்தியத்தை அன்னைக்கு வாசிக்கக் கூடாது. முப்பத்தாறு வருஷம் காத்திருந்தவ, வீட்டு ஹால்லயே பியானோ நிக்க, ஒரு முழு நாள் தொடாம இருந்தேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்போ கொலு விளக்கு வெளிச்சம் கறுப்புப் பாலிஷ்ல ஏழு படியையும் காட்டிச்சு. கொஞ்ச நேரம் தரையில உக்காந்துட்டேன்.

போன வாரம் அங்கிள் வந்தார். புதுக் கம்பி இழுவைக்குப் பழகிட்டே இருக்கும், முதல் வருஷம் மூணு நாலு தடவை டியூனிங் வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தார். வந்து சேர்ந்து மூணு வாரமாவது விட்டுட்டு, வீட்டுக் காத்துல மரம் நிலைச்சப்புறம்தான் தொடணுமாம். மூணு கம்பியில ரெண்டைக் கம்பளி நாடாவால அடக்கிட்டு ஒண்ணை மட்டும் சேர்த்தார். அப்புறம் ரெண்டாவதை விட்டார். ரெண்டும் துளி விலகினா 'வ்வாவ் வ்வாவ்'னு ஒரு அலை கேக்கும். சாவியை மயிரிழை நகர்த்த நகர்த்த அலை நீளமாகி, நீளமாகி, நின்னுடும். அப்போ மூணு கம்பி ஒரு கம்பியாகும். அம்மா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒவ்வொரு அலையும் நிக்கறப்போ தலையாட்டினாங்க. பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் குங்குமத்தைப் பார்த்துட்டு, "யாரும்மா வச்சது? நல்ல இடம் பார்த்து வச்சிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும்"னார்.

முளை எப்படி அங்கிள்னு கேட்டேன். சாவியை என் கையில கொடுத்தார். திருப்பினேன். நகரல.

விஜயதசமி காலையைச் சொல்லாம விட்டுட்டேன்.

மறுபூஜை முடிஞ்சு, கற்பூரம் அணைஞ்சதும் மூடியைத் திறந்தேன். முதல்ல என்ன வாசிக்கறதுன்னு பத்து வருஷமா ஒரு பட்டியல் வச்சிருந்தேன். மெட்னரோட ஒரு சின்னத் துண்டு மாசக்கணக்கா சாதகம் பண்ணி வச்சிருந்தேன். ஸ்டூல்ல உக்காந்தப்போ அம்மா பின்னாடி வந்து தோள் மேல கை வச்சாங்க.

"அஞ்சு கட்டை கொடு."

(வெளியூர்ப் பிள்ளைகளுக்காக: நம்ம 'கட்டை'க் கணக்கு ஆர்மோனியத்துல இருந்து வந்தது. 'சி' ஒரு கட்டை. 'ஜி' அஞ்சு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி கச்சேரி பாடினது அஞ்சுல.)

கொடுத்தேன். அம்மா வாயைத் திறந்து 'ஸ' பிடிச்சாங்க. மேல் ஸ்தாயி போகப் போக நூலாச்சு. நிறுத்திட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம நாலுக்கு இறங்கினேன். கொஞ்சம் பரவாயில்ல. தலையை ஆட்டினாங்க. மூணு. 'இ'. அங்க குரல் வந்து உக்காந்துச்சு.

"சரளி வரிசை. விஜயதசமிக்கு அதுதான்."

மாயாமாளவகௌளை. மூணு கட்டையில பிடிச்சா காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் மட்டும்தான் கறுப்புக் கட்டை, மத்ததெல்லாம் வெள்ளை. பியானோவுல அசைவு வராது, கமகம் வராது, எல்லாருக்கும் தெரியும். ஸ்வரம் நேர் நேரா நிக்கும். அந்த நேரான ஸ்வரம் ஒவ்வொண்ணு மேலயும் அம்மா குரல் வந்து லேசா சாய்ஞ்சு, அசைஞ்சு, அடுத்ததுக்குப் போச்சு. மேல் ஷட்ஜம் தொட்டு, இறங்கி, கீழ வந்து சேர்ந்தோம். பொண்ணு கதவோரமா நின்னு போன்ல எடுத்திருக்கா. அதுல கடைசியில அம்மா தொடையில தட்டற சத்தம் நல்லா கேக்குது, கூடவே அவங்க சொல்றதும்.

"ம். ரெண்டாம் காலம்."